உரையாடலின் மறுபாதி

வியட்நாமியர்கள் தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்ளச் சொல்லும் கதை ஒன்று உண்டு. வெளிநாடு போன ஒருவர் விபத்தில் சிக்கி, ரத்தம் வழியச் சாலையோரம் கிடக்கிறார். ஓடிவந்த மீட்புப் பணியாளர் குனிந்து 'ஹவ் ஆர் யூ?' என்று கேட்கிறார். அடிபட்டவர் மூச்சைத் திரட்டிக்கொண்டு, பள்ளியில் படித்தது படித்தபடி, 'ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ. அண்ட் யூ?' என்கிறார். கேட்டவர் நிம்மதியாகத் திரும்பிப் போய்விடுகிறார். ஆங்கிலத்தை வகுப்பறையில் மட்டுமே சந்தித்த வேறு சில நாட்டவரும் இதைத் தங்கள் கதையாகச் சொல்வதுண்டு. ஆனால் வியட்நாமில் ஒரு தலைமுறைக்கே இது பொருந்தும். அங்கே பள்ளிக்கூடம் போன யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த மூன்று துண்டுகளும் அதே வரிசையில், அதே இழுப்போடு வந்து விழும். நலமா என்று கேட்டால் நலமில்லை என்றும் ஒரு பதில் இருக்கக்கூடும் என்பது பாடப்புத்தகம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

அவர்களுடைய மொழியில் இப்படியொரு கேள்வி அன்றாட வழக்கிலேயே அவ்வளவாக இல்லை. தெருமுனையில் எதிர்ப்பட்டால் 'சோறு தின்றாச்சா' என்பார்கள், 'எங்கே கிளம்பியாச்சு' என்பார்கள். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். புதிதாக அறிமுகமாகிறவரிடம் வயதைக் கேட்பார்கள், கல்யாணம் ஆயிற்றா என்று கேட்பார்கள். அது துருவுவதல்ல, அக்கறை. ஆங்கிலக் கையேடுகள் அவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது இந்தக் கேள்விகளையெல்லாம் வெள்ளைக்காரரிடம் கேட்கக் கூடாது என்பதைத்தான். மழை வருமா, வெயில் அதிகமா என்பதைப் பற்றி வேண்டுமானால் பேசலாம். தாயும் பாட்டியும் பழக்கிய மரியாதையை அநாகரிகம் என்று ஒதுக்கி வைத்துவிட்டு வானிலையிலிருந்து தொடங்கச் சொல்லும் ஒரு கல்விக்கு, உலகத்தோடு உறவாடும் கல்வி என்று பெயர்.

ஹனோயில் ஹோவான் கியம் ஏரிக்கு அருகே டின் லே என்றொரு தெரு, புத்தகக் கடைகளுக்குப் பேர்போனது. அங்கும் நாட்டின் மற்ற ஊர்களிலும் விற்கும் அன்றாட ஆங்கிலக் கையேடுகள், நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் தொங்கும் முப்பது நாள் ஆங்கிலப் புத்தகங்களுக்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள். ஒரு பக்கம் ஆங்கில வாக்கியம், எதிரே பொருள், சிலவற்றில் நடுவே வியட்நாமிய எழுத்துகளில் உச்சரிப்பு. விமான நிலையத்தில், ஓட்டலில், உணவகத்தில், வங்கியில், மருத்துவரிடம் என்று பாடங்கள் போகும். ஒவ்வொரு பாடத்திலும் ஏ, பி என்று இரண்டு பேர் பேசிக்கொள்வார்கள். கொஞ்சம் நின்று படித்தால் ஒன்று தெரியவரும். ஏ என்பவர் எப்போதும் பயணம் போகிறவர். அவருக்கு ஓர் அறை வேண்டும், ஜன்னலோர இருக்கை வேண்டும், சூப்பில் உப்பு குறைவாக இருக்க வேண்டும். பி என்பவர் எப்போதும் நின்றுகொண்டிருக்கிறார். 'நான் உங்களுக்கு எப்படி உதவலாம்', 'மன்னிக்க வேண்டும் ஐயா', 'உடனே கொண்டுவருகிறேன்' என்பவை அவருடைய வரிகள். வகுப்பில் பிள்ளைகள் ஒருமுறை ஏ-யாகவும் அடுத்தமுறை பி-யாகவும் மாறி மாறிப் படிக்கிறார்கள். மாறி மாறி வாழும் வசதி வகுப்புக்கு வெளியே எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

1990இல் வியட்நாமுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 2.5 லட்சம் பேர். 2019இல் அந்த எண்ணிக்கை 1.8 கோடியைத் தொட்டது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் ஹா லாங் விரிகுடாவின் படகுகளிலும் ஹோய் ஆன் தையற்கடைகளிலும் சைகோனின் புய் வியன் தெரு மதுக்கூடங்களிலும் எத்தனை ஆயிரம் இளைஞர்கள் பி-யின் வரிகளை மனப்பாடம் செய்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். அதில் இழிவு எதுவும் இல்லை. உழைத்துச் சாப்பிடுவதற்கு மொழி வேண்டும், கற்றுக்கொள்கிறார்கள். உறுத்துவது வேறு. கையேட்டை வாங்கும் பிள்ளையின் மனதில் அட்டைப்படத்து விமானம் இருக்கிறது. அதில் ஏறப்போவது தான் என்ற நினைப்போடுதான் அவன் பாடத்தைத் திறக்கிறான். புத்தகம் அவனை ஏமாற்றுகிறது என்றும் சொல்வதற்கில்லை. இரண்டு பாதிகளையும் அச்சிட்டுத்தானே கொடுத்திருக்கிறது.

இது ஆங்கிலத்தோடு தொடங்கியதும் அல்ல. அரைகுறையாக, காதில் விழுந்ததை வைத்துப் பேசும் அந்நிய மொழியை வியட்நாமியர் 'போய்' மொழி என்பார்கள். பையன், அதாவது வேலைக்காரப் பையன் என்ற பொருளில் துரைமார் கூப்பிட்ட அதே 'பாய்'தான் அது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் சமையற்கட்டிலும் ரிக்‌ஷா நிறுத்தத்திலும் பாசறையிலும் பேசப்பட்ட உடைந்த பிரெஞ்சுக்குத் 'தே போய்' என்று பெயர். வினைச்சொல்லுக்குக் காலம் கிடையாது, பெயருக்குப் பால் கிடையாது. கட்டளையைப் புரிந்துகொள்ளவும் கட்டளை நிறைவேறியது என்று சொல்லவும் எவ்வளவு போதுமோ அவ்வளவு. மொழியியலாளர்கள் அதைத் தனிக் கலப்புமொழியாக வகைப்படுத்தி ஆராய்ந்திருக்கிறார்கள். அதே சைகோனில் நல்ல பிரெஞ்சு பேசிய நம்மவர்களும் இருந்தார்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பிரெஞ்சுக் குடியுரிமையோடு போய், வரிவசூலிலும் காவலிலும் குமாஸ்தா வேலையிலும் அமர்ந்தவர்கள். ஆள்பவருக்கு ஒரு படி கீழே, ஆளப்படுபவருக்கு ஒரு படி மேலே என்ற அந்த இடத்தை அவர்களுக்கு வாங்கித் தந்ததில் இலக்கணப் பிழையில்லாத பிரெஞ்சுக்கும் பங்கு உண்டு. ஒருவன் எவ்வளவு மொழி கற்கலாம் என்பதை அவன் நிற்க வேண்டிய இடம் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது என்பதற்கு, பிரெஞ்சு சைகோனின் தெருக்களைவிட வெளிப்படையான சான்று கிடைப்பது அரிது.

ஆனாலும் அந்தக் கணக்கு எப்போதும் ஆள்பவர் போட்டபடி முடிவதில்லை. 1911 ஜூனில் சைகோன் துறையிலிருந்து புறப்பட்ட 'அமிரால் லதூஷ் த்ரேவில்' என்ற பிரெஞ்சுக் கப்பலில், சமையலறை உதவியாளாக இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர் சேர்ந்தார். காய்கறி நறுக்கவும் பாத்திரம் துலக்கவும் தேவையான மொழியோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. பிறகு லண்டனில் ஓட்டல் சமையற்கட்டில் வேலைபார்த்துக்கொண்டே ஆங்கிலமும் கற்றார். 1945 செப்டம்பர் 2ஆம் தேதி ஹனோயின் பா டின் சதுக்கத்தில் அவரே, ஹோ சி மின் என்ற பெயரில், நாட்டின் விடுதலைப் பிரகடனத்தைப் படித்தார். அது அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் வாசகத்தை மேற்கோள் காட்டித் தொடங்கியது. பிரெஞ்சுப் புரட்சியின் பிரகடனமும் அடுத்தபடியாக வந்தது. ஏ-யின் வரிகளை பி எடுத்து ஏ-யிடமே படித்துக்காட்டிய தருணம் அது. கேட்க வேண்டியவர்கள் கேட்டார்களா என்பது அடுத்த முப்பது ஆண்டு வரலாறு.

அந்த முப்பது ஆண்டுகளில் தெற்கே இன்னொரு ஆங்கிலம் வந்தது. போர் உச்சத்தில் இருந்தபோது ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கத் துருப்புகள் அங்கே இருந்தார்கள். மதுக்கடை, சலவைக்கூடம், சந்தை எல்லாவற்றுக்கும் இரண்டு எண்கள் போதுமானதாக இருந்தன: நல்லதெல்லாம் 'நம்பர் ஒன்', மோசமானதெல்லாம் 'நம்பர் டென்'. நடுவில் இருக்கும் எட்டு எண்களுக்கு வேலை இல்லை. ஒரு மக்களும் இன்னொரு மக்களும் பத்தாண்டு பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்து, ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்லிக்கொள்ள முடிந்தது இவ்வளவுதான் என்பது போரைப் பற்றிய பல பெரிய நூல்களைவிட அதிகம் சொல்கிறது. போர் முடிந்த 1975க்குப் பிறகு அந்த எண்களும் ஆபத்தானவை ஆயின. பள்ளிகளில் ரஷ்ய மொழி முன்னுக்கு வந்தது. 1986இல் பொருளாதாரக் கதவு திறந்தது, சில ஆண்டுகளில் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போயிற்று, ரஷ்ய மொழி ஆசிரியர்கள் பலர் மறுபயிற்சி பெற்று ஆங்கில ஆசிரியர்கள் ஆனார்கள். 1994இல் அரசு அலுவலர்கள் அந்நிய மொழி, முக்கியமாக ஆங்கிலம், படிக்க வேண்டும் என்று பிரதமர் ஆணையிட்டார். புஷ்கினைப் பாடம் நடத்திய ஓர் ஆசிரியை, நாற்பது வயதுக்கு மேல் 'திஸ் இஸ் எ பென்' என்று தொடங்கியதை நினைக்கும்போது, மொழிக் கொள்கை என்ற சொல்லுக்குள் எத்தனை பேருடைய பாதி ஆயுள் அடங்கியிருக்கிறது என்று தோன்றுகிறது.

இந்தக் கதையில் கொஞ்சம் நீளமாக நின்று பார்க்க வேண்டிய இடம் வியட்நாமுக்கு வெளியே இருக்கிறது. பிலிப்பைன்ஸின் பத்தான் மாகாணத்தில் மொரோங் என்ற ஊரருகே 1980இல் ஓர் அகதிகள் முகாம் திறக்கப்பட்டது. படகில் தப்பியவர்களும் பின்னர் அனுமதியோடு வெளியேறியவர்களுமாக வியட்நாமியர், கம்போடியர், லாவோஸியர் அங்கே தங்கவைக்கப்பட்டு, அமெரிக்காவுக்கு அனுப்பப்படும் முன் சில மாதம் ஆங்கிலமும் அமெரிக்க வாழ்க்கை முறையும் கற்றார்கள். கற்பித்தவர்கள் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் இளைஞர்கள். அமெரிக்காவைக் கண்ணால் பார்த்திராத ஆசிரியர்கள், அமெரிக்காவில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை, அங்கே போகப்போகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்களுக்கு விசா இல்லை. பாடங்கள் நடைமுறைக்கு உகந்தவை என்ற பெயரில் அமைந்தவை. மேலாளர் சொல்வதைப் புரிந்துகொள்வது, புரியாவிட்டால் பணிவாகத் திரும்பக் கேட்பது, தவறு நேர்ந்தால் மன்னிப்புக் கேட்பது, அனுமதி கேட்பது, நேரத்துக்கு வருவது. இந்தப் பாடத்திட்டத்தை ஆராய்ந்து ஜேம்ஸ் டோலெஃப்சன் என்ற மொழிக்கல்வி அறிஞர் 1989இல் ஒரு நூல் எழுதினார். அகதிகளைக் குறைந்த கூலி வேலைகளுக்குப் பதப்படுத்தும் கல்வி இது என்பது அவருடைய வாதம். வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் பள்ளி ஆசிரியர்கள் இருந்தார்கள், படை அதிகாரிகள் இருந்தார்கள், கவிதை எழுதியவர்களும் இருந்திருப்பார்கள். துடைப்பத்தின் ஆங்கிலப் பெயரை எல்லோரும் ஒன்றாகத்தான் கற்றார்கள்.

அப்படிக் கற்பித்தவர்கள் கெட்டவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆறு மாதத்தில் ஒரு மனிதனுக்கு எதைக் கொடுப்பது என்ற நெருக்கடியில், முதல் மாத வாடகைக்கு வழி செய்யும் வாக்கியங்களைக் கொடுத்தார்கள். நாம் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்போம். தீமை எங்கும் தென்படாமலே ஒருவனுடைய உயரம் குறைக்கப்படுவது இப்படித்தான் நடக்கிறது.

1975இலேயே இதற்கு ஒரு முன்னோட்டம் நடந்திருந்தது. கலிஃபோர்னியாவில் சாக்ரமென்டோவுக்கு அருகே இருந்த ஹோப் வில்லேஜ் முகாமுக்கு, ஹிட்ச்காக் படங்களில் நடித்த டிப்பி ஹெட்ரன் அகதிகளுக்கு உதவப் போய்வந்துகொண்டிருந்தார். அங்கிருந்த வியட்நாமியப் பெண்கள் அவருடைய நகங்களின் பூச்சை வியந்து பார்த்தார்கள். அவர் தன் நகப்பூச்சுக்காரியை வரவழைத்து இருபது பெண்களுக்குத் தொழில் கற்பித்தார். இன்று அமெரிக்காவின் நகப்பூச்சுத் தொழிலாளர்களில் பாதிக்கு மேல் வியட்நாமிய வம்சாவளியினர். அந்தத் தொழில் அவர்களைத் தூக்கி நிறுத்தியது, பிள்ளைகளை மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆக்கியது. குறைந்த ஆங்கிலத்தில் செய்யக்கூடிய வேலை என்பதும் அதன் பரவலுக்கு ஒரு காரணம். வண்ணத்தைத் தேர்ந்தெடுங்கள், கையை இப்படி வையுங்கள், தண்ணீர் சூடாக இருக்கிறதா என்று பத்துப் பதினைந்து வாக்கியங்களில் ஒரு நாள் ஓடிவிடும். அப்படியே இருபது வருடமும் ஓடிவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவரின் கையை அரைமணி நேரம் பிடித்திருந்தும் அவரிடம் சொல்வதற்கு வேறெதுவும் கற்றுத் தரப்படாத ஒருத்தி, வீட்டில் வங்கிக் கடிதம் வந்தால் பத்து வயது மகனிடம் நீட்டுகிறாள். மருத்துவர் சொல்வதைத் தாய்க்கு மகள் மொழிபெயர்க்கிறாள். எந்த வயதில் பெற்றோரின் உடலைப் பற்றி, கடனைப் பற்றிப் பிள்ளைகளுக்குத் தெரியலாம் என்று நம் குடும்பங்களில் ஒரு கணக்கு இருக்கிறதே, அந்தக் கணக்கை இந்த வீடுகளில் மொழி கலைத்துவிட்டது. கடல் கடந்து குடியேறிய நம் வீடுகள் பலவற்றிலும் இதேதான்.

உள்நாட்டில் அரசு சும்மா இருக்கவில்லை. 2008இல் தேசிய அந்நிய மொழித் திட்டம் ஒன்றை அறிவித்தது. சுமார் 9,378 பில்லியன் டாங் ஒதுக்கீடு. 2020க்குள் பள்ளி, கல்லூரி முடிக்கும் இளைஞர்களில் பெரும்பான்மையோர் அந்நிய மொழியைத் தன்னம்பிக்கையோடு கையாள வேண்டும் என்பது இலக்கு. ஐரோப்பிய அளவுகோலை வைத்து ஆசிரியர்களை அளந்தார்கள். ஏராளமான ஆசிரியர்கள், தாங்கள் பல ஆண்டாகக் கற்பித்துக்கொண்டிருந்த மொழியில் தேறவில்லை. 2016 நவம்பரில் கல்வி அமைச்சர் தேசிய சட்டமன்றத்தில் இலக்கை எட்ட முடியாது என்று ஒப்புக்கொண்டார். திட்டம் 2025 வரை நீட்டிக்கப்பட்டது. பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலத்தின் சராசரி மதிப்பெண் 2020 வரை சில ஆண்டுகளாகப் பத்துக்கு ஐந்தைத் தொடவில்லை. 2024 ஆகஸ்டில் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் அரசியல் குழு, ஆங்கிலத்தைப் பள்ளிகளில் படிப்படியாக இரண்டாம் மொழி ஆக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. 2025இல் பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலம் விருப்பப் பாடம் ஆனது. எழுதியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே அதை விரும்பினார்கள். வசதியுள்ள பெற்றோர் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. தனியார் பயிற்சி மையங்களில் வருடக்கணக்கில் முன்பணம் கட்டினார்கள். அப்படிப்பட்ட பெரிய மையத் தொடர் ஒன்று அண்மையில் கதவடைத்தபோது, பணத்தைத் திருப்பிக் கேட்டு அவர்கள் வாசலில் நின்றார்கள். அங்கே பேசியது வியட்நாமிய மொழியில்.

வாயும் காதும் ஒத்துழைக்காத சங்கடம் வேறு. வியட்நாமிய மொழியை எழுதுவது ரோமன் எழுத்தில். பதினேழாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசிய மொழி பேசிய பாதிரிமார் வகுத்த முறை. அலெக்சாந்த்ர் த ரோடின் அகராதி 1651இல் ரோமில் அச்சானது. அதனால் ஆங்கிலச் சொல் கண்ணுக்குப் பழகியதாகத் தெரியும், நாக்குக்குத்தான் அந்நியம். அவர்கள் மொழியின் அசைகள் சில ஒலிகளில் மட்டுமே முடியும். ஸகரத்திலோ லகரத்திலோ முடியாது. எனவே 'ஃபைவ்', 'ஃபைன்', 'ஃபைல்' மூன்றும் ஏறக்குறைய 'ஃபாய்' என்று வெளிவரும். 'நைஸ்', 'நைன்', 'நைட்' மூன்றும் 'நாய்' என்று. (தமிழ்க் காதுக்கு இது கூடுதல் சங்கடம்.) சொல்லின் வாலில் நாம் ஓர் உகரத்தை ஒட்டி அதைக் காப்பாற்றுகிறோம், 'பஸ்ஸு', 'கப்பு' என்று; அவர்கள் வாலை விட்டுவிடுகிறார்கள். ஆங்கிலமோ பன்மையையும் இறந்தகாலத்தையும் உடைமையையும் அந்த வாலில்தான் கட்டி வைத்திருக்கிறது.

விடுமுறை நாட்களில் ஹோவான் கியம் ஏரிக்கரையில் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளைக்காரரை வழிமறித்துப் பேச்சுக் கொடுப்பதைப் பயணிகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். சில குழந்தைகளைப் பெற்றோரே முதுகில் தட்டி முன்னுக்குத் தள்ளுவார்கள். எந்த நாடு, பெயர் என்ன, எங்கள் சோறு பிடித்திருக்கிறதா என்று கேட்பார்கள். நான்காவது கேள்விக்குள் மூச்சு வாங்கிவிடும். வடக்கே, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் சா பா என்ற மலைநகரம். அங்கே ஹ்மோங் இனச் சிறுமிகள் பூவேலை செய்த பைகளையும் வளையல்களையும் விற்றபடி பயணிகளோடு மலைப்பாதையில் கூடவே நடக்கிறார்கள். பள்ளியில் அதிகம் தங்காதவர்கள். வியட்நாமிய மொழியே அவர்களுக்கு இரண்டாம் மொழி. ஆனால் ஆங்கிலத்தில் கேலி பேசுகிறார்கள், பேரம் பேசுகிறார்கள், வாக்குக் கொடுத்துவிட்டு வாங்காமல் போகிறவரிடம் கோபித்துக்கொள்கிறார்கள், வீட்டில் எத்தனை பேர், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றும் கேட்டுவிடுகிறார்கள். கையேடு விலக்கிய கேள்விகள் எல்லாம் அவர்கள் வாயில் சரளமாக வருகின்றன. பலருக்கு அந்த மொழியை எழுதத் தெரியாது. சிறுவர்களிடம் பொருள் வாங்காதீர்கள், அவர்கள் பள்ளிக்குப் போகட்டும் என்று ஊர் நிர்வாகம் பயணிகளைக் கேட்டுக்கொள்கிறது. அது நியாயமான வேண்டுகோள். பள்ளிக்குப் போனால் அவர்கள் 'ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ' கற்றுக்கொள்வார்கள் என்பதும் உண்மை. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துப் பார்ப்பது என்று எனக்கு விளங்கியதில்லை.

ஆனால் இந்த அந்நிய மொழி அவர்களுக்குப் பணிவை மட்டுமே கொடுத்தது என்று முடிப்பது பொய்யாகிவிடும். வியட்நாமிய மொழியில் எதிரே இருப்பவரைக் குறிக்க அண்ணன், அக்கா, தம்பி, மாமா, அத்தை, பாட்டி என்ற உறவுப் பெயர்கள்தான் அன்றாட வழக்கு. தன்னைக் குறிக்கவும் அவையேதான். பேசுகிறவள் தங்கை ஆவாள், அல்லது அத்தை ஆவாள்; வெறும் 'நான்' ஆவது அரிது, அப்படி ஆனாலோ அது விலகலாகவோ முறைப்பாகவோ ஒலிக்கும். வயது தெரியாமல் வாக்கியத்தையே தொடங்க முடியாத மொழி, ஆகவேதான் வயதைக் கேட்கிறார்கள். அந்தக் கட்டமைப்பின் இதம் நமக்கும் தெரிந்ததுதான், அதன் இறுக்கமும் தெரிந்ததுதான். அலுவலகத்தில் தங்கையாகப் பேசிக்கொண்டே மேலதிகாரி அண்ணனின் கணக்கு தப்பு என்று சொல்வது எவ்வளவு கடினம்! பிரெஞ்சு காலத்துப் படித்த நண்பர்கள் இதிலிருந்து தப்பிக்க 'முவா', 'துவா' என்று பிரெஞ்சின் தன்மை, முன்னிலைப் பெயர்களைத் தங்கள் மொழிக்குள் நுழைத்துப் பேசினார்கள். இன்று பன்னாட்டு நிறுவனக் கூட்ட அறையில் உட்காரும் பெண், ஆங்கிலத்தில் பேசும் நேரம் மட்டும் யாருக்கும் தங்கை அல்ல. எதிரே இருப்பவர் 'யூ', தான் 'ஐ'. மறுத்துப் பேசலாம், கேள்வி கேட்கலாம். கூட்டம் முடிந்து கதவைத் திறந்ததும் மறுபடி தங்கை ஆகிவிடுகிறாள். அந்த ஒரு மணி நேர விடுதலையை அவளுக்குக் கொடுத்தது, பி-யின் வரிகளைக் கொடுத்த அதே மொழி.

கையேடுகளில் இல்லாத பக்கங்கள் எவை என்று தேடிப்பார்த்தால் இந்த முரண் இன்னும் கூர்மையாகும். மன்னிப்புக் கேட்க ஏழெட்டு வழிகள் இருக்கும். சம்பளம் குறைகிறதே என்று கேட்க ஒரு வரி இருக்காது. என் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுங்கள், இந்த வேலைக்கு நான் சம்மதிக்கவில்லை, எனக்கு வலிக்கிறது, நிறுத்துங்கள் என்பவற்றுக்குப் பாடம் இருக்காது. மருத்துவரிடம் என்ற பாடத்தில்கூட இலேசான காய்ச்சலும் தலைவலியும்தான். பணம் இல்லை என்று யாரும் அங்கே சொல்வதில்லை. 2019 அக்டோபர் 23ஆம் தேதி இங்கிலாந்தின் எசெக்ஸில் ஒரு சரக்குப் பெட்டகத்துக்குள் 39 வியட்நாமியர் மூச்சுமுட்டி இறந்து கிடந்தார்கள். பலர் ங்கே ஆன், ஹா தின் மாகாணங்களைச் சேர்ந்த இளைஞர்கள், இருவர் பதினைந்தே வயதினர். நகப்பூச்சுக் கடையில் வேலை என்ற நினைப்பில் புறப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். அங்கே உயிரோடு போய்ச் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் கூலியும் விடுமுறையும் கிடைக்கின்றன என்று சொல்ல முடியாது. கடத்தி வரப்பட்ட வியட்நாமியரைப் பிரிட்டிஷ் காவல்துறை நகப்பூச்சுக் கடைகளிலிருந்து மீட்ட வழக்குகள் உண்டு. மீட்க வந்தவர்கள் கேட்கும் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதும் யாரும் கற்றுத் தராத பாடம்.

2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்கார் ஆலை திறக்கப்பட்டது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 வண்டிகள் என்பது கணக்கு. ஹாய் ஃபோங்கிலிருந்து வரும் பொறியாளருக்குத் தமிழ் தெரியாது, ஓட்டப்பிடாரத்திலிருந்து வரும் தொழிற்கல்வி மாணவனுக்கு வியட்நாமிய மொழி தெரியாது. இருவருக்கும் நடுவில் இருக்கப்போவது, ஒருவர் வாலை வெட்டியும் மற்றவர் வாலை ஒட்டியும் பேசும் ஆங்கிலம். இம்முறை ஏ-யின் இருக்கையில் உட்கார்ந்திருப்பது வியட்நாமியர். நம் பிள்ளைகளை நேர்காணலுக்குத் தயார்செய்யும் பயிற்சி வகுப்புகள் எந்தப் பாதியைச் சொல்லிக்கொடுக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்த ஷிஃப்டுக்கும் வருவேன், எங்கே போடச் சொன்னாலும் போவேன், கற்றுக்கொள்ள ஆர்வமாக இருக்கிறேன். இரண்டு பாதியையும் படித்து வந்த அந்தப் பொறியாளருக்கு மறுபாதியின் வரிகள் இன்னும் நினைவிருக்கும், அவர் அம்மாவோ அக்காவோ எங்காவது அவற்றைச் சொல்லிக்கொண்டும் இருக்கலாம். ஓரிரண்டு வருடம் போன பிறகு, இரண்டு தரப்பிடமும் எந்த வரி கைகொடுத்தது, எந்த வரி இல்லாமல் திண்டாடினீர்கள் என்று யாராவது கேட்டுக் குறித்துவைத்தால், அடுத்த கையேட்டை எழுதுகிறவருக்கு உபயோகமாக இருக்கும்.